சுழல் வளையமும் காற்றுப் பீரங்கியும்: ஒரு வரலாறு

சுழல் வளையம் என்பது, காற்று அல்லது நீர் போன்ற பாய்மத்தின் ஒரு பகுதி வளையல் வடிவில் உருண்டு சுழன்றபடியே முன்னோக்கி நகரும் அமைப்பாகும். காற்றுப் பீரங்கி என்பது அத்தகைய வளையத்தை உண்டாக்கும் கருவி. ஒரு பக்கம் வட்டத் துளையும் எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டிய தாளும் உடைய அட்டைப்பெட்டியே அதன் எளிய வடிவம். தாளைத் தட்டினால் துளை வழியே காற்று வளையம் ஒன்று கிளம்பி, சில அடி தொலைவிலுள்ள மெழுகுவத்தியை அணைத்துவிடும்.

விளையாட்டுப் பொருள்போலத் தோன்றும் இந்த வளையம் கடந்த 170 ஆண்டுகளில் இரண்டு பெரிய நம்பிக்கைகளுக்குக் காரணமாக இருந்தது. உலகிலுள்ள அணுக்கள் எல்லாமே சுழல் வளையங்கள்தாம் என்று அறிவியலாளர்கள் நம்பினார்கள். வானத்தை நோக்கி வளையங்களைச் சுட்டால் ஆலங்கட்டி மழை நின்றுவிடும் என்று உழவர்கள் நம்பினார்கள். முதல் நம்பிக்கை கைவிடப்பட்டது. இரண்டாவது, நூறாண்டுக்கு முன்பே சோதித்துத் தள்ளப்பட்டும் இன்றும் உயிரோடு இருக்கிறது. நம் நாட்டிலும் இருக்கிறது. கோடைமழையோடு ஆலங்கட்டி விழுந்து மாங்காய் உதிரும் தருமபுரி போன்ற மாவட்டத்து மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது.

ஆற்றுச் சுழலும் வளையச் சுழலும்

ஒகேனக்கல்லில் பரிசலில் சென்றவர்கள் காவிரியின் சுழல்களைப் பார்த்திருப்பார்கள். நீர்ப்பரப்பில் தெரியும் சுழி, உண்மையில் கீழ்நோக்கி இறங்கும் ஒரு சுழல் தூணின் மேல்முனை. அத்தூணின் ஒரு முனை நீர்ப்பரப்பிலும் மறுமுனை பாறையிலோ ஆற்றின் அடித்தளத்திலோ முடிகிறது.

இத்தூணை வளைத்து, அதன் இரு முனைகளையும் ஒன்றாக இணைப்பதாகக் கற்பனை செய்யுங்கள். அப்போது கிடைப்பதுதான் சுழல் வளையம். அதற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஆகவே அது பரப்பையோ அடித்தளத்தையோ தொடாமல் பாய்மத்தின் நடுவிலேயே தனித்து நகர முடியும்.

இதன் அசைவைப் புரிந்துகொள்ளப் பள்ளியில் விளையாடும் டென்னிகாய்ட் ரப்பர் வளையம் போதும். அதைச் சற்றே தடித்த உருளைக் கட்டையில் இறுக்கமாகச் செருகி, உருட்டியபடி முன்னே தள்ளினால் வளையத்தின் உட்புறமும் வெளிப்புறமும் எதிரெதிர்த் திசைகளில் புரளும். காற்று வளையத்திலும் உட்புறக் காற்று முன்னோக்கியும் வெளிப்புறக் காற்று பின்னோக்கியும் செல்கிறது. வளையத்தின் ஒவ்வொரு பகுதியும் எதிர்ப்பகுதியை முன்னே தள்ளுகிறது. அதனால் யாரும் பின்னிருந்து தள்ளாமலே வளையம் முழுவதும் முன்னே போகிறது.

வளையம் பிறக்கும் இடம் துளையின் விளிம்பு. பெட்டியிலிருந்து காற்று திடீரென வெளியேறும்போது, விளிம்பை உரசி வரும் காற்று பின்தங்குகிறது. நடுவிலுள்ள காற்று விரைந்து முன்னேறுகிறது. இந்த வேக வேறுபாடு விளிம்பைச் சுற்றிலும் காற்றைச் சுருட்டுகிறது. அச்சுருளே விளிம்பை விட்டுப் பிரிந்து வளையமாகிறது.

ஹெல்ம்ஹோல்ட்ஸின் கணக்கு

புகை பிடிப்பவர்கள் வாயால் புகை வளையம் விடுவதை மக்கள் நெடுங்காலமாகப் பார்த்து வந்தனர். அதன் பின்னாலுள்ள கணிதத்தை முதலில் எழுதியவர் ஜெர்மானியரான ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ். மருத்துவம் பயின்று பின்னர் இயற்பியலில் பெரும்பெயர் பெற்ற அவர், 1858-ஆம் ஆண்டு சுழல் இயக்கம் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். உராய்வே இல்லாத பாய்மத்தில் சுழல் புதிதாகத் தோன்றாது, தோன்றியது அழியாது, சுழல் இழை பாய்மத்தின் நடுவில் அறுந்து நிற்காது என்று அவர் நிறுவினார். அவ்விழை பாய்மத்தின் எல்லையில் முடிய வேண்டும், அல்லது தன்னோடு தானே இணைந்து வளையமாக வேண்டும்.

ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் இரு வளையங்களைப் பற்றியும் அவர் எழுதினார். முன்னே செல்வது விரிந்து வேகம் குறையும். பின்னே வருவது சுருங்கி வேகம் கூடி, முன்னதன் நடுவே புகுந்து வெளியேறும். பிறகு இரண்டும் இடம் மாறி அதே ஆட்டத்தைத் தொடரும். நம் பிள்ளைகள் ஆடும் பச்சைக்குதிரைத் தாண்டல்போல என்று சொல்லலாம்.

அதே 1858-இல் அமெரிக்காவின் வில்லியம் பார்ட்டன் ரோஜர்ஸ், காற்றிலும் நீர்மங்களிலும் சுழல் வளையங்களை உண்டாக்கிக் காணும் சோதனைகளை வெளியிட்டார். கணக்கும் கைச்சோதனையும் ஒரே ஆண்டில் வெளிவந்தன.

எடின்பரோவின் புகைப்பெட்டி

1867-ஆம் ஆண்டு தொடக்கத்தில் எடின்பரோவில் பேராசிரியர் பீட்டர் கத்ரி டெய்ட், தம் நண்பர் வில்லியம் தாம்சனுக்கு ஒரு சோதனை காட்டினார். இந்தத் தாம்சனே பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்டவர். பெட்டியின் ஒரு பக்கத்தில் வட்டத் துளை. எதிர்ப்பக்கத்தில் இழுத்துக் கட்டிய துணி. உள்ளே அம்மோனியாவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்து உண்டாக்கிய வெண்புகை. துணியைத் தட்டத் தட்ட, வெண்வளையங்கள் அறையைக் கடந்து சென்றன. இரண்டு வளையங்கள் மோதியபோது அவை உடையவில்லை. ரப்பர் வளையங்கள்போல அதிர்ந்தபடி விலகிச் சென்றன.

தாம்சனின் மனத்தில் ஒரு பெரிய எண்ணம் உதித்தது. அக்காலத்தில் வெளி முழுவதும் 'ஈதர்' என்ற உராய்வற்ற பொருள் நிறைந்திருப்பதாகக் கருதினர். ஹெல்ம்ஹோல்ட்ஸின் விதிப்படி உராய்வற்ற பாய்மத்தில் சுழல் வளையம் அழியாது. அணுவும் அழியாதது. அப்படியானால் அணு என்பதே ஈதரில் உள்ள சுழல் வளையமாக இருக்கலாமே! வெவ்வேறு முடிச்சுகளாக அமைந்த வளையங்கள் வெவ்வேறு தனிமங்களாக இருக்கலாமே! 1867-இலேயே 'சுழல் அணு' பற்றிய கட்டுரையை அவர் எடின்பரோவில் வாசித்தார்.

இக்கொள்கை இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. டெய்ட் முடிச்சுகளை வகைப்படுத்தி அட்டவணைகள் தயாரித்தார். இளைஞர் ஜே. ஜே. தாம்சன் (கெல்வினுக்கு உறவினர் அல்லர்) சுழல் வளையங்கள் பற்றிய ஆய்வுக்கு ஆடம்ஸ் பரிசு பெற்று, 1883-இல் அதை நூலாக வெளியிட்டார். ஆனால் தனிமங்களின் நிறையையும் வேதிப் பண்புகளையும் இக்கொள்கையால் கணித்துச் சொல்ல இயலவில்லை. 1887-இல் மைக்கெல்சனும் மோர்லியும் செய்த சோதனையில் ஈதரின் அறிகுறி எதுவும் கிடைக்கவில்லை. 1897-இல் எலெக்ட்ரானைக் கண்டறிந்து, அணு பற்றிய பார்வையையே மாற்றியவர் அதே ஜே. ஜே. தாம்சன்.

கொள்கை வீழ்ந்தாலும் உழைப்பு வீணாகவில்லை. டெய்ட்டின் அட்டவணைகள் 'முடிச்சுக் கோட்பாடு' என்ற கணிதப் பிரிவுக்கு வித்திட்டன. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. எண்ணம் அழகாக இருந்தது. ஆனால் அழகுக்காக யாரும் அதைக் காப்பாற்றவில்லை. கணக்கும் சோதனையும் ஒத்துவராதபோது அதை நம்பியவர்களே விலகிக்கொண்டனர்.

வானத்தை நோக்கிய பீரங்கி

அடுத்த கதை உழவர்களுடையது. புயல் மேகம் சூழும்போது தேவாலய மணிகளை அடித்தால் ஆலங்கட்டி விலகும் என்ற நம்பிக்கை ஐரோப்பியக் கிராமங்களில் நெடுங்காலம் இருந்தது. மணியடித்துக் கொண்டிருந்தவர்கள் மின்னல் தாக்கி இறந்ததும் உண்டு.

ஆஸ்திரியாவின் ஸ்டிரியா பகுதியில் விண்டிஷ்-ஃபைஸ்டிரிட்ஸ் என்ற ஊர். இன்று ஸ்லோவேனியாவில் ஸ்லோவென்ஸ்கா பிஸ்ட்ரிட்சா என்று அழைக்கப்படுகிறது. அவ்வூரின் தலைவர் ஆல்பர்ட் ஸ்டீகர் திராட்சைத் தோட்டக்காரர். ஆலங்கட்டியால் ஆண்டுதோறும் அடிபட்ட தோட்டங்களைக் காப்பதற்காக 1896-இல் அவர் ஒரு பீரங்கியை அமைத்தார். நம் ஊர்த் திருவிழாக்களில் வெடிமருந்து கிட்டித்து வைக்கும் வேட்டுக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வாயில், மேல்நோக்கி விரியும் பெரிய இரும்புப் புனல் ஒன்றைப் பொருத்தினால் ஸ்டீகரின் பீரங்கி கிடைத்துவிடும். ரயில் எஞ்சினின் புகைபோக்கியே அந்தப் புனலுக்கு முன்மாதிரி. வெடித்தவுடன் புகை வளையம் ஒன்று சீழ்க்கை ஒலியோடு வானில் ஏறியது. பார்த்தவர்களுக்கு அது மேகத்தைத் தாக்கப் போகும் ஆயுதமாகவே தெரிந்தது.

அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அவ்வூரில் ஆலங்கட்டி சேதம் இல்லை. செய்தி பரவியது. 1899-இல் இத்தாலியில் ஏறக்குறைய 2,000 பீரங்கிகள் இருந்தன. 1900-இல் அந்த எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டியது. இதற்காகப் பன்னாட்டு மாநாடுகளும் நடந்தன. வெடிமருந்தைக் கையாள்வதில் உயிரிழந்தவர்களும் உறுப்பிழந்தவர்களும் பலர்.

ஆனால் பீரங்கிகள் முழங்கிய ஊர்களிலும் ஆலங்கட்டி விழத் தொடங்கியது. சரியான நேரத்தில் சுடவில்லை, போதுமான பீரங்கிகள் இல்லை என்று ஆதரவாளர்கள் காரணம் கூறினர். 1902-இல் கிராட்ஸ் நகரில் கூடிய மாநாட்டில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு முற்றியது. முறையான சோதனை ஒன்றை நடத்தி முடிவு காண்பது என்று தீர்மானித்தனர். ஸ்டீகரின் ஊரான விண்டிஷ்-ஃபைஸ்டிரிட்ஸும் இத்தாலியின் காஸ்டெல்ஃபிராங்கோவும் சோதனைக் களங்களாயின. பீரங்கிகள் நெருக்கமாக நிறுத்தப்பட்டு, விதிப்படி சுடப்பட்டன. இரண்டு இடங்களிலும் ஆலங்கட்டி சேதம் ஏற்பட்டது. 1905-ஆம் ஆண்டளவில் பீரங்கிகள் பெரும்பாலும் கைவிடப்பட்டன.

நம்பிக்கை ஏன் பிறந்தது?

ஸ்டீகர் ஏமாற்றுக்காரர் அல்லர். அவர் கண்ணால் கண்டதைச் சொன்னார்: சுட்டோம், ஆலங்கட்டி விழவில்லை. பிழை எங்கே என்பதைப் பள்ளிக் கணக்கால் காட்டலாம்.

ஓர் ஊரில் சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆலங்கட்டி விழுவதாகக் கொள்வோம். எந்த ஓர் ஆண்டிலும் விழாமல் இருக்கும் நிகழ்தகவு 4/5. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் விழாமல் இருக்கும் நிகழ்தகவு 4/5 × 4/5 = 16/25, அதாவது 64 விழுக்காடு. பீரங்கி எதுவும் செய்யாவிட்டாலும், அதை வைத்த நூறு ஊர்களில் ஏறக்குறைய 64 ஊர்கள் இரண்டாண்டு முடிவில் "எங்கள் பீரங்கி வேலை செய்கிறது" என்றே சொல்லும். விழுந்த 36 ஊர்கள் தங்கள் பீரங்கி போதவில்லை என்று நினைத்துக்கொள்ளும். அரிதாக நடக்கும் ஒன்றைத் தடுப்பதாகச் சொல்லும் எந்தக் கருவிக்கும் இது பொருந்தும். பீரங்கி உள்ள ஊர்களையும் இல்லாத ஊர்களையும் பல ஆண்டுகள் அருகருகே வைத்து ஒப்பிட்டால் மட்டுமே உண்மை தெரியும்.

இயற்பியலும் பீரங்கிக்கு எதிராகவே நிற்கிறது. வளையம் செல்லும்போது சுற்றியுள்ள காற்றை இழுத்துச் சேர்த்துக்கொண்டு பெருக்கிறது; வேகம் குறைகிறது. பெரிய பீரங்கியின் வளையமும் சில நூறு மீட்டருக்குள் ஓய்ந்துவிடும். ஆலங்கட்டியோ பல கிலோமீட்டர் உயரத்தில், உறைநிலைக்கும் கீழே குளிர்ந்த மேகப் பகுதியில் உருவாகிறது. வளையம் எட்டாவிட்டாலும் ஒலி அலை எட்டும் என்று இன்றைய விற்பனையாளர்கள் வாதிடுகின்றனர். ஆனால் ஆலங்கட்டி விழுவதே இடி முழக்கத்தின் நடுவில்தான். மேகத்தின் உள்ளிருந்தே எழும் இடியால் கலையாத ஆலங்கட்டி, தரையிலிருந்து வரும் வெடியொலியால் கலையும் என்று கருத இடமில்லை. இத்தகைய பீரங்கிகளுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பதே உலக வானிலை அமைப்பின் நிலைப்பாடு.

இந்தியாவில் ஆலங்கட்டிப் பீரங்கி

வெடிமருந்துக்குப் பதில் அசிட்டிலின் வாயுவைச் சில நொடிகளுக்கு ஒருமுறை தானாகவே வெடிக்கச் செய்யும் பீரங்கிகள் பின்னர் சந்தைக்கு வந்தன. 2010-ஆம் ஆண்டளவில் இமாச்சலப் பிரதேசத்தின் சிம்லா மாவட்டத்தில், ஜுப்பல்-கோட்காய் ஆப்பிள் பகுதியில் இவை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து நிறுவப்பட்டன. பூக்கும் பருவத்தில் கால் மணி நேரம் ஆலங்கட்டி பெய்தால் ஓர் ஆண்டு வருமானம் போய்விடும் தோட்டக்காரர்கள், கிடைத்த எதையும் பற்றிக்கொள்ள முனைந்ததில் வியப்பில்லை.

இறக்குமதிக் கருவியின் விலை அதிகம் என்பதால், சமையல் எரிவாயுவால் இயங்கும் உள்நாட்டுப் பீரங்கி ஒன்றை மும்பை ஐ.ஐ.டி. உருவாக்கியது. சோலன் மாவட்டம் நௌனியிலுள்ள ஒய். எஸ். பர்மார் தோட்டக்கலை, வனவியல் பல்கலைக்கழகம் அதன் கள ஆய்வில் பங்கேற்றது. பீரங்கியை மலிவாகச் செய்ய முடியுமா என்பது ஒரு கேள்வி. அது ஆலங்கட்டியைத் தடுக்குமா என்பது வேறு கேள்வி. முதலாவதற்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் விடையாகக் கொள்ளக் கூடாது. இமாச்சலத் தோட்டங்களில் மரங்களின் மேல் விரிக்கப்படும் ஆலங்கட்டி வலைகளோ, கல் பழத்தில் படாமல் நேரடியாகத் தடுக்கின்றன. அவற்றின் பயனை எவரும் கண்ணால் காணலாம்.

பீரங்கியால் இன்னொரு சிக்கலும் உண்டு. மெக்சிகோவின் புவெப்லாவில் வோக்ஸ்வேகன் கார் ஆலை, திறந்தவெளியில் நிற்கும் புதிய கார்களைக் காக்க ஆலங்கட்டிப் பீரங்கிகளை இயக்கியது. தங்கள் மழையையே அது விரட்டிவிட்டதாக 2018-இல் சுற்றுவட்டார உழவர்கள் போராடினர். பீரங்கிகளைத் தானாக இயங்கும் முறையில் பயன்படுத்துவதை நிறுத்தி, வலைகளை முதன்மைப் பாதுகாப்பாக்குவதாக நிறுவனம் அறிவித்தது. ஆலங்கட்டியைத் தடுக்காத கருவி மழையையும் தடுக்காது. ஆனாலும் ஒரு நம்பிக்கை, அதற்கு எதிரான இன்னொரு நம்பிக்கையை வளர்த்து ஊரைப் பிரித்துவிடுகிறது.

இன்றைய ஆய்வுகள்

பீரங்கி தோற்றாலும் சுழல் வளையம் பற்றிய ஆய்வு வளர்ந்துகொண்டே இருக்கிறது. 1998-இல் கலிஃபோர்னியாவில் மோர்டேஸா கரீப் குழுவினர், குழாயிலிருந்து தள்ளப்படும் நீரின் நீளம் குழாயின் விட்டத்தைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கை எட்டும்போது வளையம் தன் முழு வலிமையைப் பெறுகிறது என்று கண்டனர். அதற்கு மேல் தள்ளினால் மிகுதி நீர் வாலாகத் தொங்குமே தவிர வளையம் வளராது. நம் இதயத்தின் இடது கீழறைக்குள் ஈரிதழ் வால்வு வழியே இரத்தம் பாயும்போதும் சுழல் வளையம் உருவாகிறது.

தருமபுரிக்கு அண்மையில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களும் இத்துறையில் உழைத்துள்ளனர். அக்கழகத்தின் ஜெயவந்த் அரக்கேரி மற்றவர்களோடு சேர்ந்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு, அதிர்வலைக் குழாயின் திறந்த முனையில் வளையம் உருவாவதைப் பற்றியது. அழுத்த அலை முதலில் பாய்ந்து செல்ல, வளையம் அதன் பின்னே புறப்படுவதை நுண்துகள்களைக் காற்றில் கலந்து படமெடுத்து அளந்தனர். 2013-இல் சிகாகோவில் கிளெக்னர், இர்வின் ஆகியோர் நீரில் முடிச்சிட்ட சுழலையே உருவாக்கினர். கெல்வின் கற்பனை செய்த முடிச்சு, 146 ஆண்டுகளுக்குப் பின் அணுவாக அல்லாமல் நீர்ச்சுழலாகக் கண்முன் வந்தது.

இயற்கையும் வளையம் விடுகிறது. சிசிலித் தீவின் எட்னா எரிமலை, வட்டமான வாய் வழியே வாயு வெடித்து வெளியேறும்போது வானில் பெரும் வளையங்களை அனுப்புகிறது. ஓங்கில்கள் நீருக்குள் காற்று வளையம் விட்டு அதனோடு விளையாடுகின்றன.

வகுப்பறையில் செய்து பார்க்க

தேவையானவை: உறுதியான அட்டைப்பெட்டி அல்லது பழைய பிளாஸ்டிக் வாளி, தடித்த பிளாஸ்டிக் தாள், கயிறு, சாம்பிராணிப் புகை.

வாளியின் அடியில் ஏறக்குறைய 10 செ.மீ. விட்டத்தில் வட்டத் துளையிடவும். வாய்ப்பகுதியில் பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டவும். உள்ளே புகையை நிரப்பி, தாளை விரலால் சட்டெனத் தட்டவும். மெதுவாக அழுத்தினால் வளையம் சரியாக உருவாகாது. தட்டலின் வேகமே முக்கியம். பிறகு துளையைச் சதுரமாக்கிப் பார்க்கவும். வளையம் சதுரமாகவே நிற்காமல் நெளிந்து நெளிந்து செல்லும்.

மூன்று மீட்டர் தொலைவில் எரியும் மெழுகுவத்தியை வைத்துத் தட்டினால், தட்டிய ஒலி உடனே கேட்கும். சுடரோ சற்றுக் கழித்தே அசையும். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் வேகத்தில் செல்கிறது. வளையம் நொடிக்குச் சில மீட்டரே செல்கிறது. சுடரை அணைப்பது ஒலி அன்று, வளையம்தான் என்பதை இந்த இடைவெளி மெய்ப்பிக்கிறது. மெழுகுவத்தியை ஒவ்வோர் அடியாகத் தள்ளி வைத்து, எந்தத் தொலைவில் சுடர் அசையாமல் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டீகரின் பீரங்கி ஏன் மேகத்தை எட்டவில்லை என்பதற்கான விடை அந்தக் குறிப்பேட்டிலேயே கிடைத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. கால்சியம் கார்பைடையும் பிளாஸ்டிக் குழாயையும் கொண்டு செய்யும் 'கார்பைடு துப்பாக்கி' காற்றுப் பீரங்கி அன்று, அது வெடிகருவி. 2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் அதனால் சிறுவர்கள் பலரின் கண்கள் பாதிக்கப்பட்டன. அதைச் செய்யவும் வேண்டாம், அருகில் நிற்கவும் வேண்டாம்.

உழவருக்கு எது உதவும்?

காரிமங்கலத்து மாந்தோப்பில் கல் விழுந்த மறுநாள் காலையில் தரையைப் பார்த்தவர்களுக்கு, பீரங்கியை நம்பிய ஐரோப்பிய உழவர் மேல் சிரிப்பு வராது. இழப்பு உண்மை, அதைத் தடுக்க வேண்டும் என்ற ஏக்கமும் உண்மை. அந்த ஏக்கம்தான் சோதிக்கப்படாத கருவிக்குச் சந்தையாகிறது.

சோதித்துப் பயன் தெரிந்த வழிகள் எளியவை. விலை கட்டுப்படியாகும் பயிர்களுக்கு வலை. வானிலை எச்சரிக்கை கிடைத்தவுடன் முற்றிய காய்களைப் பறித்துவிடுதல். பயிர்க் காப்பீடு. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் அறிவிக்கை செய்யப்பட்ட பயிருக்கு ஆலங்கட்டி சேதம் தனி வயல் அளவிலேயே கணக்கிடப்படுகிறது. ஆனால் சேதம் நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவிக்க வேண்டும். இந்த 72 மணி நேரத்தைப் பெற்றோருக்கு நினைவூட்டுவது, வீட்டிலுள்ள மாணவர் செய்யக்கூடிய உதவி.

புகைப்பெட்டியிலிருந்து கிளம்பும் வளையம் உண்மையானது. அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்று யாராவது சொன்னால், கெல்வினிடம் கேட்கப்பட்ட கேள்வியையே அவரிடமும் கேட்க வேண்டும்: சோதித்துப் பார்த்தீர்களா? எதனோடு ஒப்பிட்டீர்கள்?